கூத்தாடி என்றால் கேவலமா?

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் அடுக்குகிறேன். வெளிநாட்டில் நம் மக்கள் பொங்கலுக்கும் சித்திரைக்கும் போடும் குழந்தைகள் நாடகங்களில், வசனத்தை முன்கூட்டியே ரெக்கார்ட் செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை மேடையில் வெறுமனே வாயசைக்க வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் நடிப்பில் ஐந்தாறு அடிப்படைப் பாடங்களையும் அவற்றுக்கான தமிழ் வார்த்தைகளையும் சொல்லிக்கொடுத்து, அவர்களைச் சொந்தக் குரலில் பேச வைக்க வேண்டும். திக்கினாலும் பரவாயில்லை. ஆஸ்திரேலிய வாடை அடித்தாலும் பரவாயில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் நாடகக்காரன் இல்லை. திருப்பதியில் பி.காம் முடித்துவிட்டு, இப்போது சிட்னியில் ஒரு வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஆசாமி. பகல் முழுக்க ஆணி பிடுங்கல், சாயங்காலம் பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போகும் டிரைவர் உத்தியோகம். ஆனால் பிறந்தது சித்தூரில். கூத்து பார்த்து, கூத்து நடக்கும் மண்ணிலேயே தூங்கி, விடியற்காலையில் அம்மா எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளை. அந்த ஒரு தகுதிதான்.

என் மகளுக்குப் பள்ளியில் டிராமா ஒரு பாடம். கணக்கு, சயின்ஸ் மாதிரி அதற்கும் மார்க் உண்டு. வீட்டுக்கு வந்து ப்ரொஜெக்‌ஷன், ப்ளாக்கிங், க்யூ, அப்ஸ்டேஜ் என்று அடுக்குவாள். ஒருநாள், "அப்பா, இதுக்கெல்லாம் தமிழ்ல வார்த்தை இருக்கா, இல்ல நம்மகிட்ட டிராமாவே கிடையாதா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். இங்கே அவள் பார்த்த தமிழ் நாடகம் எல்லாம் ஸ்பீக்கரில் யாரோ ஒரு ஆன்ட்டி பேச, மேடையில் கட்டபொம்மன் கையை ஆட்டுவதுதான். அவள் வேறு எப்படி நினைப்பாள்?

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு சின்ன கொசுவத்தி. சித்தூர் மாவட்டம் 1911ல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து உண்டாக்கியது. 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. 2022ல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. கோடு இத்தனை முறை நகர்ந்தும் கூத்து மட்டும் நகரவே இல்லை. தமிழில் திரௌபதி அம்மன் கோயில் என்பதை எங்கள் பக்கம் தர்மராஜா கோயில் என்பார்கள். நாம் தெருக்கூத்து என்பதைத் தெலுங்கில் வீதி நாடகம் என்பார்கள். பாரதம் ஒன்றுதான். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணில் ராட்சச உருவமாகப் படுத்திருக்கும் துரியோதனன், சாயங்காலம் தீமிதி. அர்ஜுனன் தபசுக்கு உயரமான கம்பம் நட்டு, அதில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவதை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

1. குரல்

நடிப்பை நான்காகப் பிரிப்பது நம் நாட்டு வழக்கம். உடம்பால் காட்டுவது ஆங்கிகம், வாக்கால் காட்டுவது வாசிகம், வேஷத்தாலும் ஒப்பனையாலும் காட்டுவது ஆஹார்யம், உள்ளே நிஜமாகவே ஊறி வெளியே தெரிவது சாத்விகம். பிள்ளைகளுக்கு முதலில் வாசிகம்.

மைக் இல்லாத காலத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை பாடிப் பேசிப் பழகியவர்கள் கூத்துக்காரர்கள். எங்கள் தெருக்கோடியில் தங்கிப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வாத்தியார் (கூத்துக் குழுவை ஜமா என்பார்கள், அதை நடத்துபவர் வாத்தியார்) சொன்னது இது: "தொண்டையில இருந்து கத்தாதடா, தொண்டை கிழிஞ்சிடும். அடிவயித்துல இருந்து கொண்டா. கடைசியில குந்திக்கினு இருக்கிற கெழவிக்கு கேக்கணும், முன்னால இருக்கிற கொழந்த பயந்து அழக்கூடாது." உலகத்தில் எந்த டிராமா டீச்சரும் ப்ரொஜெக்‌ஷனுக்கு இதைவிடச் சுருக்கமாக விளக்கம் சொல்லிவிட முடியாது.

இதில் தமிழுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. ஆங்கிலம் பேசிப் பழகிய நம் பிள்ளைகள் வாக்கியத்தின் கடைசியில் குரலை இறக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது அவ்வளவாகக் கெடுக்காது, வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வாக்கியத்தின் உயிரே கடைசியில்தான் இருக்கிறது. "நான் உன்னோடு வரு..." என்று விழுங்கிவிட்டால் வருவேனா வரமாட்டேனா? வந்தது யார், எப்போது, உண்டா இல்லையா எல்லாம் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூத்தில் நடிகர் பாடி முடிக்கும் கடைசி வரியைப் பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாட வேண்டும். வால் கேட்காவிட்டால் அவர்களால் எடுக்கவே முடியாது. அதனால் வாக்கியத்தின் வாலைத் தூக்கிப் பிடிக்க அவர்கள் முதலிலேயே பழகிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அவர்களுடைய தமிழ் பாதி திருந்திவிடும்.

2. களரி

கூத்து நடக்கும் இடத்துக்குக் களரி என்று பெயர். பின்பக்கம் பெஞ்சு போட்டு மத்தளம், முகவீணை, ஹார்மோனியம், தாளம். மற்ற மூன்று பக்கமும் ஜனங்கள். ஆகவே கூத்துக்காரர் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பேசினால் மற்ற இரண்டு பக்கத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்து எல்லாருக்கும் முகம் கொடுக்க வேண்டும்.

படம் போட்ட சட்டம் மாதிரி ஒரே பக்கம் திறந்த மேடையில் வேறு கணக்கு. அப்ஸ்டேஜ் என்றால் மேடையின் பின்பக்கம், டவுன்ஸ்டேஜ் என்றால் முன்பக்கம். பழைய ஐரோப்பிய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் தாழ்ந்து சரிவாக இருந்ததால் வந்த பெயர். இடது வலது என்பது நடிகரின் இடது வலது, பார்ப்பவருடையது அல்ல. பிள்ளைகள் இதில்தான் குழம்பி முட்டிக்கொள்வார்கள்.

மேடையைப் பற்றி யோசிப்பது நமக்குப் புதிதா என்றால், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். 24 விரல் கொண்டது ஒரு கோல். மேடையின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். போக ஒரு வாசல், வர ஒரு வாசல். விளக்கை எங்கே வைத்தால் தூணின் நிழல் மேடையில் விழாது என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். திரையில் மூன்று வகை: ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இங்கே நாம் வாடகைக்கு எடுக்கும் ஹாலில் இருப்பது அநேகமாக இரண்டாவது வகை. அடுத்த முறை ஹால்காரரிடம் பட்டன் எங்கே என்று கேட்கும்போது, பிள்ளையிடம் அதன் பெயரையும் சொல்லிவையுங்கள்.

3. நுழைவு

நம் குழந்தைகள் நாடகத்தில் ராஜா எப்படி வருவார்? பக்கவாட்டிலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிட, கிரீடத்தைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, தரையில் ஒட்டிய டேப்பைத் தேடி நிற்பார்.

கூத்தில் ஒரு பெரிய பாத்திரம் வந்தால் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நிற்பார். முதலில் தெரிவது காலும் சலங்கையும். அப்புறம் குரல். பாட்டிலேயே நான் யார், என் குலம் என்ன, என் வீரம் என்ன என்று அறிமுகம். கிரீடத்தின் நுனி மட்டும் துணிக்கு மேலே ஆடும். ஊரே காத்துக்கொண்டிருக்கும். துணி விலகும்போது ஒரு சுற்று சுற்றி ஆடி வருவார். அந்தச் சுழலுக்குக் கிறுக்கி என்று பெயர். கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் வெளிச்சத்தில் மின்னும்.

இதிலிருந்து பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பாத்திரம் மேடைக்கு வந்த பிறகு ஆரம்பிப்பதில்லை, திரைக்குப் பின்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறேன், எதற்காக வருகிறேன் என்று தெரிந்துகொண்டு வரும் பிள்ளையை யாரும் முதுகில் தள்ள வேண்டியதில்லை.

4. மெய்ப்பாடு

"கோபமா பேசு", "அழுகிற மாதிரி பேசு" என்று நாம் ஒத்திகையில் சொல்வோம். பிள்ளை என்ன செய்யும்? புருவத்தை நெரிக்கும், அல்லது கண்ணைக் கசக்கும். டிவியில் பார்த்ததைக் காப்பியடிக்கும்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகள் எட்டு. இதுவரை பள்ளியில் நாமும் மனப்பாடம் செய்திருப்போம். முக்கியமானது அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறது, ஆக 32. அச்சம் எதனால் வரும்? அணங்கு, விலங்கு, கள்வர், தன் தலைவன். அழுகை எதனால்? இழிவுபட்டதால், இழந்ததால், முன்பிருந்த நிலை கெட்டதால், வறுமையால். பேயைப் பார்த்த பயமும் மேனேஜரைப் பார்த்த பயமும் ஒன்றா? இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரியா நடுங்குகிறது? மேனேஜர் முன்னால் நடுங்கவே முடியாது, சிரித்துக்கொண்டே பயப்பட வேண்டும் :-)

ரஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863-1938) மேலை நாட்டு நடிப்புப் பயிற்சியையே மாற்றிப்போட்டவர். அவர் நடிகர்களுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: உணர்ச்சியை நேராகப் பிடிக்கப் போகாதே, பாத்திரத்தின் சூழ்நிலை என்ன, அதற்கு என்ன வேண்டும் என்று கேள், உணர்ச்சி தானாக வரும். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. தொல்காப்பியர் எழுதியது செய்யுளுக்கான இலக்கணம், நடிகர் பயிற்சிப் புத்தகம் அல்ல. ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு இரண்டும் ஒரே விதியாகத்தான் தெரிகிறது. வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் என்ட்ரி போடக்கூடாது. பிள்ளை கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு வவுச்சர் எங்கே என்று கேளுங்கள். "என் தங்கச்சி பென்சில் பாக்ஸை உடைச்சா எனக்கு எப்படி இருக்கும்?" என்று பிள்ளை யோசித்துவிட்டு வரட்டும். அப்புறம் கட்டபொம்மனின் கோபம் ஸ்பீக்கரிலிருந்து வராது, வயிற்றிலிருந்து வரும்.

5. கேட்பது

மேடையில் பேசாதபோது என்ன செய்வது? புதிதாக நடிப்பவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். தன் வசனம் முடிந்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடுவார்கள். அல்லது கூட்டத்தில் அம்மாவைத் தேடுவார்கள்.

கூத்தில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார், கட்டியக்காரன். கோமாளி, காவல்காரன், மந்திரி, தோழி, ஜனங்களின் பிரதிநிதி எல்லாம் அவரே. "யாரப்பா நீ, எந்த ஊரு, எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்று துரியோதனனையே நிறுத்திக் கேட்பார். அவர் கேட்டால்தான் ராஜா பேச முடியும். ராஜா பேசுவதற்கு அவர் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிப்போம். எங்கள் பக்கத்துக் கட்டியக்காரர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து அடிப்பார்கள். ராஜா இலக்கணமாகப் பேசியதைப் பச்சைத் தெருப்பேச்சில் மொழிபெயர்த்துக் கவிழ்த்துவிடுவார்கள்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் குழுவில் தமிழ் அவ்வளவாக வராத பிள்ளையை மரமாகவோ மானாகவோ ஓரத்தில் நிறுத்திவைக்காதீர்கள். அவனைக் கட்டியக்காரன் ஆக்குங்கள். அவன் பாதி ஆங்கிலத்தில் கேட்கட்டும், ராஜா தமிழில் பதில் சொல்லட்டும். தமிழ் தெரியாத மாப்பிள்ளை, மருமகள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எல்லாருக்கும் கதை புரியும். சித்தூரில் பல தலைமுறையாக நடப்பதுதான் இது. முக்கியமாக, அந்தப் பிள்ளை ஒவ்வொரு வசனத்தையும் கவனித்துக் கேட்டே ஆக வேண்டும். கேட்டுக் கேட்டு அதற்குத் தமிழ் வரும்.

6. வேஷம்

திருப்பதி என்றால் எல்லாருக்கும் மலைதான் தெரியும். கீழே ஊருக்குள் தாத்தய்யகுண்டா கங்கம்மா இருக்கிறாள். வெங்கடேசப் பெருமாளின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. ஜாத்திரைக்கு மலையிலிருந்து சீர் வரும். மே மாத வாக்கில் நடக்கும் அந்த ஜாத்திரையில் ஊர் ஆண்கள் நேர்ந்துகொண்டு புடவை கட்டி, பூ வைத்து, நகை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். 2024 டிசம்பரில் வந்த புஷ்பா 2 படத்தில் அல்லு அர்ஜுன் புடவையில் ஆடியது இந்த ஜாத்திரையை வைத்துத்தான். இங்கே தியேட்டரில் விசிலடித்த பிள்ளைகளுக்கு அது நிஜத்தில் நடப்பது என்று தெரியுமா தெரியவில்லை.

கதை இதுதான். ஊரை ஆண்ட ஒரு பாளையக்காரன் பெண்களைச் சூறையாடி வந்தான். கங்கம்மாவின் மீதும் கைவைத்தான். அவள் தன் சுயரூபம் காட்ட, பயந்து ஓடி ஒளிந்துகொண்டான். அவள் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடினாள். பைராகி வேஷம், தோட்டி வேஷம் என்று வரிசையாகப் போகும். கடைசியில் தொர வேஷம், அதாவது துரை. ராஜகுமாரன் வந்திருக்கிறார் என்று நம்பி மரியாதை செய்ய வெளியே வந்தான், தலை போயிற்று. ஒவ்வொரு வருஷமும் கைகாலா குடும்பத்து ஆண்கள் இந்த முக்கிய வேஷங்களைக் கட்டிக்கொண்டு வீதி வீதியாக வருவார்கள்.

நடிப்பு மாணவருக்கு இந்தக் கதையில் எல்லாமே இருக்கிறது. தொர வேஷத்தில் ஒரு துளி பிசகு இருந்திருந்தால் அவன் வெளியே வந்திருக்க மாட்டான். பெண் தெய்வம் ஆணாக வேஷம் போடுகிறாள், அந்தத் தெய்வமாக ஆண்கள் வேஷம் போடுகிறார்கள். ஆனால் யாரும் சிரிக்கமாட்டார்கள். மீசை வைத்த ஆள் புடவையில் போனால் கைகூப்புவார்கள். வேஷம் என்பது ஏமாற்று இல்லை, தன்னைவிடப் பெரிய ஒன்றுக்கு உடம்பைக் கொஞ்ச நேரம் இரவல் கொடுப்பது என்று அந்த ஊர் புரிந்துவைத்திருக்கிறது. நம் சங்க நாடகங்களில் ஆண் பிள்ளைக்குப் புடவை கட்டினால் அது சிரிப்பு மூட்டத்தான் இருக்கும். அதைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்று. திரௌபதி துகிலுரியும் காட்சிக்கு முன்னால் துச்சாதனன் வேஷக்காரர் சூடம் ஏற்றி விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நான் செய்யப்போவது பாவம், பாத்திரத்துக்காகச் செய்கிறேன், மன்னித்துக்கொள் என்று அர்த்தம். கூட நடிப்பவரின் உடம்பைத் தொடுவதற்கு முன் இருக்க வேண்டிய மரியாதையை இன்றைய நாடகப் பள்ளிகளில் தனி வகுப்பு வைத்துச் சொல்லித்தருகிறார்கள். நம்மவர்கள் சூடத்தில் சொன்னார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

இவ்வளவும் தெரிந்த அந்த மனிதர்களை நாம் என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? கூத்தாடி. அதுவும் திட்டும்போது. "படிக்காம ஊர் சுத்தினா கூத்தாடியாத்தான் போவே" என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேட்ட வசனம். ராத்திரி அர்ஜுனன் காலில் விழுந்து திருநீறு வாங்கியவர்கள், காலையில் அதே ஆளுக்குத் திண்ணைக்குக் கீழே தனி டம்ளரில் காபி கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜாதியும் கூலியும் சேர்ந்து செய்த வேலை அது. அந்த மனப்பான்மையைத்தான் சூட்கேஸில் வைத்து இங்கேயும் கொண்டுவந்திருக்கிறோம். பரதநாட்டியத்துக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் வாராவாரம் பணம் கட்டுவோம். நாடகம் என்றால் விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் யார் வீட்டு ஹாலிலாவது அவசரமாகக் கிண்டும் உப்புமா.

படித்தவன் நாடகம் ஆடினால் மானம் போகும் என்ற எண்ணத்தை உடைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964). வக்கீல், பிறகு நீதிபதி. 1891ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவருக்கு அந்த ஆசையைக் கிளப்பியது எது தெரியுமா? பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகம். அந்தக் குழுவின் தலைவர் படித்த வக்கீல் என்று தெரிந்ததும் ஏற்பட்ட மாற்றம். தமிழின் நவீன நாடகத்துக்கு ஒரு திரி தெலுங்கிலிருந்து கொளுத்தப்பட்டது. எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தலையில் தாங்கிய சித்தூர் வி. நாகையா (1904-1973) மேடையில் பாடி நடித்துத்தான் சினிமாவுக்குப் போனார். தெலுங்கில் போதனா, வேமனா, தியாகய்யா. தமிழில் 1941ல் வந்த அசோக்குமார் படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு அசோகச் சக்கரவர்த்தியாக வந்தார். இந்தக் காலத்தில் விஜய் சேதுபதியைப் பாருங்கள். பி.காம் படித்து, துபாயில் கணக்கு எழுதி, ஊர் திரும்பி, ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்தவர். கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தவர். அந்தக் கூத்துப்பட்டறைக்காரர்களுக்கு அடவு சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான், தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் குடும்பம். ஆக, நாம் விசிலடிக்கும் நடிப்புக்குப் பின்னால் நாம் திட்டிய கூத்தாடி நிற்கிறார்.

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"ரெக்கார்ட் போடாவிட்டால் பிள்ளைகள் வசனம் மறந்துவிடும்." மறக்கட்டும். மறந்தால் சமாளிக்கத்தான் கட்டியக்காரன் இருக்கிறான். மறந்து, சமாளித்து, மறுபடி பிடித்துக்கொள்வதும் நடிப்பில் ஒரு பாடம்தான்.

"ஹாலில் மைக் சரியில்லை, கேட்காது." இருபது பிள்ளைகளை மேடையில் ஏற்றி இருபது பேருக்கும் ஒரு வசனம் என்று பிரித்தால் கேட்காதுதான். ஆறு பேர், பத்து நிமிடம், எட்டு சனிக்கிழமை ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஹாலின் கடைசி நாற்காலியில் ஊரிலிருந்து வந்திருக்கும் ஒரு பாட்டியை உட்காரவையுங்கள். பாட்டி தலையாட்டினால் பாஸ்.

"உச்சரிப்பு தப்பாக வரும், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்." இதுதான் உண்மையான பயம், மற்றதெல்லாம் சாக்கு. பிள்ளையின் ழகரத்தைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நமக்குக் கூச்சம். ஆனால் அந்தப் பிள்ளை பொது இடத்தில் நூறு பேர் முன்னால் தமிழில் வாய்திறக்க வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அந்த நாளிலும் அதன் வாயை மூடி வேறு குரலை ஓடவிட்டால், நாம் அதற்குச் சொல்லும் செய்தி என்ன? "உன் தமிழ் வெளியே காட்டும் தரத்தில் இல்லை." பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை தமிழே வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் ஆச்சரியப்படக்கூடாது.

ஃப்ரிட்ஜில் ஒட்டிவைக்க ஒரு சின்ன பட்டியல்:

களரி - ஆடும் இடம்
ஜமா - நாடகக் குழு
வாத்தியார் - சொல்லிக்கொடுத்து நடத்துபவர்
எழினி - திரை
அடவு - ஆட்டத்தின் அடிப்படை அசைவு
கிறுக்கி - சுழன்று ஆடுவது
அரிதாரம் - முகப்பூச்சு
கட்டியக்காரன் - கேட்பவன், கேலி செய்பவன், கதையை நகர்த்துபவன்
பின்பாட்டு - நடிகரின் கடைசி வரியை ஏந்திப் பாடுவது
மெய்ப்பாடு - உள்ளே தோன்றி உடம்பில் தெரியும் உணர்ச்சி
ஒத்திகை - பார்வையாளர் வரும் முன் தப்பு செய்ய அனுமதி உள்ள நேரம் (இது என் சொந்த விளக்கம்)

அடுத்த பொங்கலுக்கு நாடகம் போடும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு காட்சியையாவது ரெக்கார்ட் இல்லாமல் போட்டுப் பாருங்கள். ஹார்மோனியமோ மத்தளமோ கிடைக்காவிட்டால் ஒரு ஜோடி தாளம் போதும். துணி பிடிக்க இரண்டு அப்பாக்கள் வேண்டும், ஒரு ஆள் நான் வருகிறேன்.